ஆயரைப் பார்த்து வந்த ஆசை அழைத்தலா?

மதிப்புக்குரிய சாமி,

நாங்கள் கடற்கரை ஊர்க்காரர்கள். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். எங்களுக்கு ஒரே பையன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பி.காம். படிக்கிறான். சில மாதங்களுக்கு முன் எங்கள் பங்கில் உறுதிபூசுதல் கொடுக்க ஆயர் வந்திருந்தார். பூசை முடிந்ததும், படுத்த படுக்கையாகக் கிடக்கும் என் மாமியாருக்கு நன்மை கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி எடுத்துப் போட்டோம். அவர் உட்காரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அத்தை சொன்ன பழைய கதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். அன்றிலிருந்து என் மகன் தினமும் காலைப் பூசைக்குப் போகிறான். ‘நான் குருவாகப் போகிறேன்’ என்கிறான். அவன் அப்பாவோ, ‘பெரிய மனிதர் வீட்டுக்கு வந்ததில் பையன் மயங்கிவிட்டான், கொஞ்ச நாளில் தெளிந்துவிடும். ஒத்தப் பிள்ளையை விட்டுக்கொடுக்க முடியாது’ என்கிறார். நான் நடுவில் தவிக்கிறேன். ஒருவரைப் பார்த்து வருகிற ஆசை தேவ அழைத்தல் ஆகுமா சாமி? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

— ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

உங்கள் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒருவரைப் பார்த்து வருகிற ஆசை, உண்மையான அழைத்தலின் தொடக்கமாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் ஒரு மனிதரிடம் தொடங்கிய ஆசை அந்த மனிதரோடு நின்றுவிடக் கூடாது. அது ஆண்டவரிடம் போய்ச் சேர வேண்டும். சேர்ந்திருக்கிறதா என்று ஒரே நாளில் சொல்ல யாராலும் முடியாது. அதற்குக் காலம் வேண்டும், ஒழுங்கு வேண்டும், நல்ல துணை வேண்டும். அந்த மூன்றையும் எப்படி ஏற்பாடு செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஏலி செய்த வேலை

விவிலியத்தில் சிறுவன் சாமுவேலின் கதை உங்களுக்குத் தெரியும். இரவில் குரல் கேட்கிறது. தன்னை வளர்க்கும் குருவாகிய ஏலிதான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எழுந்து ஓடுகிறான். மூன்று முறை ஓடுகிறான். கடவுளின் குரலை அவன் தனக்குத் தெரிந்த மனிதரின் குரலாகவே கேட்டான். அதில் அவனுக்குக் குறை எதுவும் இல்லை. அந்த வயதில் அவனுக்குத் தெரிந்த குரல் அதுதான்.

கண் மங்கிய அந்த முதியவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். பையன் தன்னிடம் ஓடிவருவதில் அவர் மகிழ்ந்து அமர்ந்துவிடவில்லை. கூப்பிட்டது தான் அல்ல என்று திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறையில் அழைப்பது ஆண்டவர் என்று புரிந்துகொண்டு, அடுத்த முறை என்ன பதில் சொல்ல வேண்டும் என்றும் கற்றுக்கொடுத்தார். நல்ல மறைத்தலைவர் ஒருவரின் முன்மாதிரி இளைஞனுக்கு இந்த உதவியைத்தான் செய்யும். முதலில் தன் பக்கம் ஈர்க்கும், பிறகு தன்னைத் தாண்டிப் போகச் சொல்லும். ஈர்த்துவிட்டுத் தன்னோடு நிறுத்திக்கொள்கிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

உங்கள் மகன் இப்போது சாமுவேலின் முதல் ஓட்டத்தில் இருக்கிறான். அவனைக் கேலி செய்யவும் வேண்டாம், அவசரப்பட்டு மாலை போடவும் வேண்டாம்.

பேராயர், தையற்காரர், அப்பா

ஒரு முன்மாதிரி எப்படி வேலை செய்கிறது என்பதை நன்றாகக் காட்டும் வாழ்க்கை ஒன்று உண்டு. 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தாரே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அவருடைய இளமைக் காலம் அது. அவரை நேரில் பார்த்த நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். உலக இளையோர் நாளை ஏற்படுத்தி, 1995இல் மணிலாவில் பல லட்சம் மக்களைத் திரட்டியவர் அவர். அவரைப் பார்த்துத்தான் குருத்துவத்தைப் பற்றி முதன்முதலாக யோசித்தோம் என்று சொல்லும் குருக்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் அவரைக் குருத்துவத்துக்குக் கொண்டுவந்தது எந்தப் பெருங்கூட்டமும் அல்ல.

போலந்து நாட்டின் வாதோவிட்சே என்ற சிற்றூரில் 1920இல் பிறந்த அவருடைய இயற்பெயர் கரோல் வொய்த்திவா. ஒன்பது வயதுக்குள் தாயை இழந்தார். மருத்துவராக இருந்த அண்ணன், நோயாளியிடமிருந்து தொற்றிய காய்ச்சலில் 1932இல் இறந்தார். மிஞ்சியது அப்பா மட்டும். இரவில் கண்விழித்தால் அப்பா முழங்காலில் நின்று செபித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பாராம் மகன். குருத்துவத்தைப் பற்றி அப்பாவும் தானும் பேசிக்கொண்டதே இல்லை என்றும், ஆனாலும் அந்தக் காட்சிதான் தனக்கு முதல் குருமடம் என்றும் பிற்காலத்தில் அவர் எழுதினார்.

1938இல் கிராக்கோ பேராயர் ஆடம் சப்பியேகா, கரோல் படித்த பள்ளிக்கு வந்தார். வரவேற்புரை கொடுத்தவர் கரோல். பேச்சைக் கேட்ட பேராயர், ‘இந்தப் பையன் குருமடத்துக்கு வருவானா?’ என்று மறைக்கல்வி ஆசிரியரிடம் விசாரித்தார். போலிய மொழியும் இலக்கியமும் படிக்கப் போகிறான் என்று பதில் வந்தது. பேராயர் வருத்தம் தெரிவித்தார், அவ்வளவுதான். பையனைக் கூப்பிட்டு நெருக்கவில்லை. ஆள் அனுப்பவும் இல்லை.

அடுத்த ஆண்டு இரண்டாம் உலகப் போர் வந்தது. பல்கலைக்கழகம் மூடப்பட்டது. கரோல் சொல்வே நிறுவனத்தின் கல்குவாரியிலும் பிறகு அதன் வேதியியல் ஆலையிலும் தொழிலாளியாக வேலை செய்தார். அவர் போன பங்கில் குருக்கள் பலரை நாசி ரகசியப் போலீசான கெஸ்டப்போ பிடித்துச் சென்றுவிட்டது. அந்தப் பங்கு இளைஞர்களைச் செபமாலைக் குழுக்களாகச் சேர்த்து வழிநடத்தியவர் யான் திரனோவ்ஸ்கி என்ற தையற்காரர். அவர் குருவும் அல்லர், பெரிய பேச்சாளரும் அல்லர். அவர்தான் கரோலுக்குப் புனித சிலுவை யோவானின் எழுத்துகளை அறிமுகம் செய்தார். ஆழ்ந்து செபிக்கவும் கற்றுக்கொடுத்தார். 1941 பிப்ரவரியில் அப்பாவும் இறந்துபோனார்.

1942இல் கரோல் தானாகவே பேராயர் இல்லத்தின் கதவைத் தட்டினார். சப்பியேகா தலைமறைவாக நடத்திவந்த குருமடத்தில் சேர்ந்தார். ஆலையில் வேலை செய்துகொண்டே மெய்யியல் படித்தார். அதிகாலையில் பேராயரின் திருப்பலிக்குப் பீடப்பணி செய்ய அவரும் இன்னொரு மாணவரும் போவார்கள். ஒருநாள் அந்த நண்பர் வரவில்லை. கெஸ்டப்போ அவரைப் பிடித்துச் சென்றிருந்தது, பிறகு சுட்டுக் கொன்றது. அந்த நாட்களில் சப்பியேகா ஊரைவிட்டுப் போகவில்லை. மக்களோடு இருந்தார். 1944 ஆகஸ்டில் நாசிகள் இளைஞர்களைத் தெருத்தெருவாக வேட்டையாடியபோது குருமாணவர்களைத் தம் இல்லத்துக்குள் அழைத்து மறைத்துவைத்தார். 1946 நவம்பர் 1ஆம் நாள் அதே இல்லத்துச் சிற்றாலயத்தில் கரோலுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்.

அம்மா, இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது மூன்று. பேராயரின் கேள்வி 1938இல் வந்தது, பதில் 1942இல் வந்தது. நடுவில் நான்கு ஆண்டுகள் யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. இரண்டாவது, பெரியவரின் முன்மாதிரி தனியாக வேலை செய்யவில்லை. வீட்டில் ஓர் அப்பாவும் பங்கில் ஒரு தையற்காரரும் அதைத் தாங்கினார்கள். மூன்றாவது, அவர்கள் மூவரும் ‘என்னைப் பார்’ என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்தார்கள். அதைப் பார்த்தவன் கடவுளைத் தேடிப் போனான்.

தம்பிக்கு ஐந்து கேள்விகள்

இனி உங்கள் மகனோடு நேரடியாகப் பேசுகிறேன். இந்தப் பகுதியை அவனிடம் கொடுங்கள்.

தம்பி, கீழே உள்ள கேள்விகளுக்கு ஒரு நோட்டில் பதில் எழுது. யாருக்கும் காட்ட வேண்டாம். உண்மையை மட்டும் எழுது.

*ஒன்று: அந்த ஆயரிடம் உன்னைத் தொட்டது எது?* ஊரே எழுந்து நின்றதா, அவர் தரையில் உட்கார்ந்ததா? மோதிரத்தை முத்தமிடும் கூட்டமா, பாட்டியின் பேச்சைக் கேட்ட பொறுமையா? மரியாதையும் மேடையும் உன்னை ஈர்த்திருந்தால் அதை மறைக்காமல் எழுது. எல்லா ஆசையிலும் கொஞ்சம் கலப்படம் இருக்கும். கலப்படம் இருப்பதைத் தெரிந்துகொண்டவனால்தான் அதை நீக்க முடியும்.

*இரண்டு: அவர் இல்லையென்றாலும் இந்த ஆசை இருக்குமா?* நாளைக்கே அவர் வேறு மறைமாவட்டத்துக்கு மாற்றப்படலாம், ஓய்வு பெறலாம். ‘வேண்டாம் தம்பி, நன்றாக யோசி’ என்று அவரே சொல்லலாம். அப்போதும் காலைப் பூசைக்குப் போவாயா?

*மூன்று: நீ எதிலிருந்தாவது தப்பிக்கப் பார்க்கிறாயா?* அரியர் பாடங்கள், வேலை கிடைக்காது என்ற பயம், காதலில் பட்ட காயம், வீட்டில் ஓயாத சண்டை, கடல் தொழில்மேல் வெறுப்பு இவற்றில் ஏதாவது உன்னைப் பின்னாலிருந்து தள்ளினால், முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். குருமடம் ஒளிந்துகொள்ளும் இடம் அல்ல. உள்ளே போனாலும் அந்தப் பிரச்சினை உன்னோடு வரும்.

*நான்கு: மனைவி, பிள்ளை என்ற வாழ்க்கையை நீ எப்படிப் பார்க்கிறாய்?* அதைக் கேவலமாக நினைத்தால் நீ இன்னும் தயாராகவில்லை. பெண்களைக் கண்டாலே பயம் என்றாலும் தயாராகவில்லை. குடும்ப வாழ்வு எவ்வளவு நல்லது என்று தெரிந்து, அதை அன்புக்காகக் கொடுக்க முடிகிறவனுக்குத்தான் மணத்துறவு பொருந்தும். இதைப் பற்றி வழிகாட்டியிடம் கூச்சமில்லாமல் பேசு. பேசாமல் வைத்திருப்பதுதான் பின்னாளில் பெரிய சிக்கலாகிறது.

*ஐந்து: எந்த ஊருக்கு அனுப்பினாலும் போவாயா?* சொந்தக்காரர்கள் இல்லாத ஊர், வேறு சாதியினர் வாழும் ஊர், ஓலைக் கூரை போட்ட கிளைக் கிராமம், பூசைக்குப் பத்துப் பேர்கூட வராத ஊர். அங்கே உள்ளவர்களின் வீட்டில் உட்கார்ந்து அவர்கள் கொடுக்கும் சாப்பாட்டைச் சாப்பிடுவாயா? நம் திருச்சபையில் சாதி இன்னும் ஆறாத புண். அதை உள்ளே கொண்டுபோகிறவனால் எல்லாருக்கும் தந்தையாக இருக்க முடியாது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கத்தைச் செபத்துக்குக் கொண்டுபோ.

ஆறு மாதம் கழித்து இதே ஐந்து கேள்விகளுக்கும் புதிதாகப் பதில் எழுது. பழைய பக்கத்தைப் பார்க்காமல் எழுது. பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார். ஆயரின் பெயர் குறைந்து ஆண்டவரின் பெயர் கூடியிருந்தால் நல்ல அடையாளம்.

இந்த ஓராண்டில் செய்ய வேண்டியவை

*படிப்பை விடாதே.* கரோல் குருமாணவராக இருந்தபோது, கார்மேல் துறவற சபைக்குப் போய்விட வேண்டும் என்று ஆசைப்பட்டார். தொடங்கியதை முதலில் முடிக்க வேண்டும் என்று சொல்லிச் சப்பியேகா அவரைத் தடுத்தார். உனக்கும் அதே ஆலோசனைதான். பி.காம். முடி, நன்றாகவே முடி. தொடங்கியதை முடிக்கும் பழக்கம் குருவுக்கு மிகவும் தேவை. பட்டப்படிப்பு எங்கும் வீணாகாது. பங்கின் கணக்கு வழக்கைப் பார்க்கத் தெரிந்த குருவை மக்கள் வாழ்த்துவார்கள்.

*ஒரு வழிகாட்டியைத் தேடு.* மாதம் ஒருமுறை ஒரே குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, மனம்விட்டுப் பேசு. நீ வியந்து பார்க்கும் அந்த ஆயரே வழிகாட்டியாக இருக்க வேண்டியதில்லை. வியப்பு இல்லாத ஒருவரிடம் உண்மையைச் சொல்வது எளிது. உன் குறைகளை அவர் சுட்டிக்காட்டினால் கோபப்படாதே. அதற்காகத்தான் அவரிடம் போகிறாய்.

*தினமும் கொஞ்ச நேரம் அமைதி.* காலைப் பூசைக்குப் போவது நல்லது. அதோடு அன்றைய நற்செய்தியை வாசித்து இருபது நிமிடம் நற்கருணைப் பேழைக்கு முன் பேசாமல் உட்கார். செல்போனை வீட்டிலேயே வைத்துவிடு. பிரசங்க வீடியோக்களை இரவெல்லாம் பார்ப்பதைச் செபம் என்று எண்ணிவிடாதே. அவற்றைப் பார்க்கும்போது பேசுகிறவர் மீதான ஈர்ப்புதான் வளரும்.

*வாரம் ஒரு பணி.* ஆயர் உன் பாட்டிக்குச் செய்ததை நீ மற்றவர்களுக்குச் செய். ஊரில் படுக்கையில் கிடக்கும் முதியவர்களின் பட்டியலைப் பங்குத்தந்தையிடம் கேட்டு வாங்கு. வாரம் ஒருவரைப் போய்ப் பார். வின்சென்ட் தே பவுல் சபையினரோடு போகலாம், தனியாகவும் போகலாம். நாற்றமும் முணுமுணுப்பும் இருக்கும். அதையும் தாண்டி அடுத்த வாரம் போக மனம் வருகிறதா என்று பார். முன்மாதிரியைப் பாராட்டுவதற்கும் பின்பற்றுவதற்கும் உள்ள தூரம் அங்கேதான் தெரியும்.

*கேட்டுத் தெரிந்துகொள்.* மறைமாவட்டக் குரு, துறவற சபைக் குரு இருவருக்கும் உள்ள வேறுபாடு என்ன? மறைமாவட்டக் குரு தம் ஆயருக்குக் கீழ் அந்த மறைமாவட்டத்து மக்களுக்காகப் பணி செய்கிறார். துறவற சபைக் குரு ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடுகள் கொடுத்து, சபை அனுப்பும் இடத்துக்குப் போகிறார். உன் மறைமாவட்ட இறையழைத்தல் பணிக்குழுவினர் நடத்தும் முகாமுக்குப் போ. கோடை விடுமுறையில் ஊருக்கு வரும் பிரதர்மாரோடு பேசு. குருப்பட்டம் பெற்ற நாளன்று ஒரு குருவைப் பார்த்திருப்பாய். ஃபிளெக்ஸ், மேளம், மாலை எல்லாம் இருந்திருக்கும். பட்டம் பெற்று இருபது ஆண்டு ஆன குரு ஒருவரோடும் ஒரு சனி, ஞாயிறு இருந்து பார். அவர் எப்போது எழுகிறார், யார் யார் அவரிடம் வருகிறார்கள், தனியாகச் சாப்பிடும்போது எப்படி இருக்கிறார் என்று கவனி.

குருமடத்துக்குள் போனால்

அப்பாவுக்குப் பயம் இருப்பதால் இதையும் தெளிவாகச் சொல்கிறேன். குருமடத்தில் சேர்வது பட்டம் வாங்குவது ஆகாது. அங்கே தேடல் தொடர்கிறது. பங்குத்தந்தையின் கடிதம், திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றுகள், பெற்றோரின் திருமணச் சான்று, மதிப்பெண், மருத்துவப் பரிசோதனை எல்லாம் கேட்பார்கள். நேர்காணல் இருக்கும். சேர்ந்ததும் முன்தயாரிப்புக் காலம் ஒன்று உண்டு. பிறகு மெய்யியல், இறையியல். இவ்விரண்டுக்கும் சேர்த்துக் குறைந்தது ஆறு முழு ஆண்டுகள் வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். நடுவில் பங்கிலோ பள்ளியிலோ களப்பணி ஆண்டு இருக்கும். திருத்தொண்டர் பட்டம் பெற்று, 25 வயது நிறைந்த பிறகுதான் குருப்பட்டம்.

இவ்வளவு நீண்ட காலம் எதற்கு? 1992இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரை, குருத்துவப் பயிற்சியை மனிதம், ஆன்மீகம், அறிவு, மேய்ப்புப்பணி என்ற நான்கு தளங்களில் வகுத்துத் தந்தது. அதில் மனிதப் பயிற்சிதான் அடித்தளம். கோபத்தை அடக்கத் தெரியாதவன், பணத்தில் நேர்மை இல்லாதவன், பிறரோடு பழகத் தெரியாதவன் எவ்வளவு செபித்தாலும் நல்ல குருவாவது கடினம். அதைப் பார்க்கத்தான் அத்தனை ஆண்டுகள். திருத்தந்தை பிரான்சிஸ் 1953 செப்டம்பர் 21 அன்று, முன்பின் அறியாத ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது தம் அழைத்தலை உணர்ந்தார். அவர் குருப்பட்டம் பெற்றது 1969 டிசம்பரில். அந்த ஒரு நாளின் அனுபவத்தைப் பதினாறு ஆண்டுகள் சோதித்தார்கள்.

நடுவில் ஒருவன் திரும்பி வந்தால் அது தோல்வி அல்ல. நம் ஊர்களில் ‘செமினரியிலிருந்து ஓடிவந்தவன்’ என்று முத்திரை குத்தும் வழக்கம் இருக்கிறது. அது பெரிய கொடுமை. அந்தச் சொல்லுக்குப் பயந்தே சிலர் திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாமல் இருந்துவிடுகிறார்கள். அதனால் அவர்களும் துன்பப்படுகிறார்கள், மக்களும் துன்பப்படுகிறார்கள். உங்கள் மகனிடம் இன்றே சொல்லிவையுங்கள்: ‘எந்த நாள் திரும்பி வந்தாலும் இது உன் வீடு.’

அம்மாவுக்கும் அப்பாவுக்கும்

அம்மா, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘இவனை ஆண்டவருக்கு நேர்ந்துவிட்டேன்’ என்று ஒருபோதும் அவனிடம் சொல்லாதீர்கள். மனதுக்குள் வேண்டியிருந்தால் அது ஆண்டவருக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கட்டும். அப்பாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘நீ போனால் நான் செத்துப்போவேன்’ என்று சொல்லிக் கட்டிப்போடாதீர்கள். குருப்பட்டம் பெறும்படி யாரையும் எக்காரணம் கொண்டும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், தகுதியுள்ளவரைத் தடுக்கவும் கூடாது என்றும் திருச்சபைச் சட்டம் ஒரே பிரிவில் சொல்கிறது. உங்கள் இருவருக்கும் அந்த ஒரே பிரிவு பொருந்தும்.

அப்பாவின் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. கடலில் உழைத்து உடம்பு தேய்ந்த மனிதர், முதுமையில் யார் பார்ப்பார் என்று கேட்பது நியாயம். அதைக் கோபமாகக் காட்டாமல் கேள்வியாகவே மகன் முன் வையுங்கள். வீட்டுக் கடன் எவ்வளவு, பாட்டியை யார் பார்ப்பது, மருத்துவச் செலவுக்கு என்ன வழி என்று மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். பங்குத்தந்தையிடமும் பணிக்குழு இயக்குநரிடமும் வெளிப்படையாகக் கேளுங்கள். குடும்பப் பொறுப்பைப் பற்றிப் பேசத் தயங்காத பையன் பொறுப்பான குருவாவான். பேச்சு வந்ததும் எழுந்து கோயிலுக்குப் போய்விடுகிறவனுக்கு இன்னும் காலம் தேவை.

அப்பாக்கள் தடுப்பது புதிதல்ல, அம்மாக்கள் தடுப்பதும் புதிதல்ல. ஓரியூரில் 1693இல் இரத்தம் சிந்திய நம் அருளானந்தர் லிஸ்பனில் அரண்மனையோடு தொடர்புடைய குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் நோயுற்றபோது, பிழைத்தால் ஓராண்டு இயேசு சபை அங்கி உடுத்துவதாக அவருடைய தாய் புனித சவேரியாரிடம் வேண்டிக்கொண்டார். அதே தாய், மகன் சவேரியாரைப் பின்பற்றி இந்தியாவுக்குப் புறப்பட்டபோது தடுக்க முயன்றார். தாயின் மனம் அப்படித்தான் இருக்கும், அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் முத்துக்குளித்துறையில் உழைத்த சவேரியாரின் முன்மாதிரி, அவர் இறந்து நூறு ஆண்டு கழித்தும் ஓர் இளைஞனை மறவ நாட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த முன்மாதிரிக்கு அவ்வளவு வலிமை இருந்தது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டிய பெரிய உதவி, இரவுச் செபமாலையை விடாமல் சொல்வது. அப்பாவும் உட்கார்ந்து சொல்வது. மகன் குருவானாலும் குடும்பஸ்தன் ஆனாலும் அது அவனோடு போகும். இன்னொன்று: இப்போதே தெருவெல்லாம் சொல்லிவிடாதீர்கள். ஊர் அவனை ‘சாமி’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டால், மனம் மாறுகிற உரிமையை அவன் இழந்துவிடுவான்.

பங்குத்தந்தையருக்கும் ஆயர்களுக்கும்

இதை வாசிக்கும் குருக்களுக்குச் சகோதரனாகச் சில வார்த்தைகள். இளைஞர்கள் நம் மறையுரையை மறந்துவிடுகிறார்கள். கோயில்பிள்ளையிடம் எந்தக் குரலில் பேசுகிறோம், அடக்கத்துக்கு வந்த ஏழையிடம் காசைப் பற்றி என்ன கேட்கிறோம், நள்ளிரவில் நோயில்பூசுதலுக்குக் கூப்பிட்டால் எப்படி எழுந்து வருகிறோம், மற்றக் குருக்களைப் பற்றி என்ன பேசுகிறோம் என்பதையெல்லாம் மறப்பதில்லை. இறையழைத்தல் முகாம் நடத்துவதற்கு முன்பே இந்த இடங்களில் அழைத்தல் தொடங்குகிறது, அல்லது முடிந்துபோகிறது.

தகுதியுள்ள இளைஞனைப் பார்த்தால் ஒருமுறை நேராகக் கேளுங்கள். நம்மில் பலர் கேட்கவே தயங்குகிறோம். யாரும் கேட்காததால் யோசிக்காமல் போனவர்கள் இருக்கிறார்கள். கேட்ட பிறகு பொறுமையாக இருங்கள். தங்களைச் சுற்றி விசிறிக் கூட்டம் சேர விடாதீர்கள். சிறுவர்களோடும் இளைஞர்களோடும் நடக்கும் சந்திப்புகள் பெற்றோருக்குத் தெரிந்தும், பிறர் பார்க்கக்கூடிய இடத்திலும் நடக்கட்டும். பெற்றோர் இதைக் கேட்டால் அது அவர்களுடைய உரிமை என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

வியந்து பார்த்தவர் தவறினால்

தம்பி, இதையும் சொல்லாமல் இருக்க முடியாது. நாம் உயர்வாக நினைத்த தலைவர்கள் சில நேரம் தவறுகிறார்கள். பெரிய தவறுகளும் செய்திருக்கிறார்கள். அப்படி ஒரு செய்தி வந்தால் மனம் நொறுங்கும். பாதிக்கப்பட்டவர் பக்கம் நில். உண்மையை மூடி மறைக்க ஒருபோதும் துணைபோகாதே. ஆனால் அவரிடம் நீ கண்ட நன்மை ஆண்டவரிடமிருந்து வந்தது, அது பொய்யாகிவிடாது. அதனால்தான் தொடக்கத்திலிருந்தே உன் விசுவாசத்தை ஒரே மனிதர்மேல் ஏற்றிவைக்காதே என்கிறேன். ஒரு ஆயர், ஒரு கன்னியர், நேர்மையான ஒரு ஆசிரியர், நோயோடு சிரிக்கும் ஒரு பாட்டி என்று பலரிடமிருந்து கற்றுக்கொள்.

அம்மா, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இந்த வாரமே மகனிடம், ‘போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஒரு வருடம் தேடு, நாங்கள் கூட இருக்கிறோம்’ என்று சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு மூவருமாகப் பங்குத்தந்தையைப் பார்த்து, வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1964இல் தொடங்கிவைத்த இறையழைத்தல் செப நாளை நல்லாயன் ஞாயிறன்று கொண்டாடுகிறோம். வரும் ஆண்டின் அந்த ஞாயிறை அவன் பதில் சொல்லும் நாளாகக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று அவன் ‘ஆம்’ என்றால், பட்டப்படிப்பை முடித்த கையோடு நீங்கள் இருவரும் அவனைக் குருமடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பாவும் வரட்டும். ‘இல்லை’ என்றால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஓராண்டு செபித்து, நோயாளிகளைப் பார்த்து, படிப்பை முடித்து, தன் மனதைத் தானே அறிந்துகொண்ட ஒரு மகன் உங்கள் வீட்டில் இருப்பான். எந்த அழைத்தலுக்கு அவன் போனாலும் அந்த ஓராண்டு அவனுக்கு உதவும்.